தாணுமாலையனுடையது அல்லாத ராஜ்தூத்

"வண்டி யாருதுன்னு போலீஸ்காரன் கேட்டா, 'என் மாமனாரு குடுத்தது'ன்னா சொல்லுவாங்க? வரதட்சணைக் கேசையும் சேத்துப் போடுவான், தெரியுமா ஒங்களுக்கு?"

அடுப்படியிலிருந்து சுடலைவடிவு போட்ட சத்தம் எங்கள் தெருவின் கடைசி வீடு வரைக்கும் கேட்டது. கேட்காதவர்கள் வாசலுக்கு வந்து கேட்டுக்கொண்டோம்.

"பின்ன என்ன சொல்லச் சொல்லுத? களவாண்ட வண்டின்னா?" தாணுமாலையன் சட்டையைக்கூடக் கழற்றாமல் நடுவீட்டில் நின்று கத்தினார். "ஒங்க அப்பா வண்டியக் குடுத்தாரே, கூட ஒரு காயிதம் குடுத்தாரா?"

"பொண்ணயும்தான் குடுத்தாரு. அதுக்கு எந்தக் காயிதத்தக் கேட்டீங்க?"

கல்லிடைக்குறிச்சியில் எந்த ஆண்பிள்ளையையும் உட்காரவைக்கிற கேள்வி இது. தாணுமாலையன் உட்கார்ந்துவிட்டார்.

எதிரே நாற்காலியில் சுடலைவடிவின் தம்பி வன்னியராஜ் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அம்பாசமுத்திரத்தில் உரக்கடை வைத்திருக்கிறவன். எந்த ஆபீசுக்குள் போனாலும் நாலு பேருக்கு வணக்கம் சொல்லி, மூன்று பேரிடம் திரும்ப வாங்கிவிடுவான். அன்று காலையில் போலீஸ் பறித்த சாவியை மதியத்துக்குள் வாங்கிக் கொண்டுவந்தவனும் அவன்தான். கூடவே ஒரு சேதியும் கொண்டுவந்திருந்தான். இன்னொரு தடவை காகிதமில்லாமல் பிடிபட்டால் வண்டி நேரே காயலான் கடைக்குப் போகும்.

"அக்கா, நீ சும்மா இரு. அத்தான், நீங்களும் பைய பேசுங்க. காயிதம்தான? நான் எடுத்துத் தாரேன்" என்றான் வன்னியராஜ்.

அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராஜ்தூத். மலையில் எஸ்டேட்டில் கணக்கெழுதிக்கொண்டிருந்த வேதமுத்து என்பவரிடம் வாங்கி, மகள் கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. பெயர் மாற்றவில்லை. மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற வண்டிக்கு ஆர்.சி. புத்தகத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்று அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் நினைத்தார்கள். இலையில் பரிமாறிவிட்டு ரசீது நீட்டுவது போல. அதே வருஷம் தொண்ணூற்றிரண்டு வெள்ளம் வந்து, ஆர்.சி. புத்தகம் இருந்த மாமனாரின் டிரங்குப் பெட்டியை ஆறு கொண்டுபோயிற்று. வண்டி திண்டாடித் திணறி மாட்டுக்கொட்டில் தூணோடு ஒட்டிக்கொண்டு பிழைத்தது.

அன்றிலிருந்து தாணுமாலையன் வேறு, வண்டி வேறு என்று யாரும் பார்த்ததில்லை. ஊர்ப் பெண்கள் இட்டுக் காயவைத்த அப்பளத்தைக் கட்டுக்கட்டாகப் பின்சீட்டில் அடுக்கி, அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் வரைக்கும் கடைகடையாகப் போட்டு வருவார். அப்பளம் பஸ்ஸில் போனால் தூள். ராஜ்தூத்தில் போனால் முழுசு. "இந்த வண்டியத் தொடைக்கியதுல பாதிக்குப் பாதி எம்மூஞ்சியப் பாத்திருந்தா நான் ராணி மாதிரி இருந்திருப்பேன்" என்று சுடலைவடிவு சொல்வாள். வண்டி போய்விட்டால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்று எங்களுக்கே பயமாகத்தான் இருந்தது.

காகிதமில்லாத பழைய வண்டிகளுக்கென்றே 'தொன்மை ஊர்திகள் முறைப்படுத்தும் சிறப்புப் பிரிவு' என்று ஒன்றை அப்போது திறந்திருந்தார்கள். சொந்தக் கட்டடம் இல்லாததால் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாடகைக்கு இருந்தது. வாசலில் சந்தனக்கிண்ணம் வைக்கிற மேசையில் பொன்செல்வி என்ற பெண் டோக்கன் கொடுத்தாள். மணமகன் அறையில் கோப்புகள். மணமகள் அறை பூட்டிக் கிடந்தது. உள்ளேயும் கோப்புகள்தான், ஆனால் அவை ரகசியம். மேடையில், வெல்வெட் வைத்த இரட்டை நாற்காலியில் ஒன்றில் பிரிவு அலுவலர் எபனேசர் உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில் அவருடைய சாப்பாட்டுப் பை. முகூர்த்த நாள்களில் பிரிவு பந்திக்கூடத்துக்கு மாறும். வளர்பிறை முகூர்த்தமென்றால் விடுமுறை.

முதல் நாள் மேடையேறிய தாணுமாலையனை எபனேசர் கனிவாகத்தான் பார்த்தார்.

"பயப்படாதீர்கள். இந்தப் பிரிவில் யாரையும் பிற்பாடு சந்தேகப்படுகிற வழக்கமில்லை. முதலிலேயே சந்தேகப்பட்டு முடித்துவிடுவோம். ஆர்.சி. எப்படிப் போயிற்று?"

"ஆறு கொண்டு போயிட்டுய்யா."

"எந்த ஆறு?"

"இங்கன என்ன ஏழெட்டு ஆறா ஓடுது? தாமிரவருணிதான்."

"எழுத்தில் வேண்டும்."

"ஆத்துக்கிட்டயா?"

வன்னியராஜ் அத்தானின் முழங்கையைக் கிள்ளினான். இருவரும் ஆற்றுநீர்க் கணக்கு வைக்கிற ஆபீசுக்குப் போய், அங்கே பல தடவை நடந்து, ஒரு கடிதம் வாங்கினார்கள். 'மேற்படி நாளில் மேற்படி ஆற்றில் தண்ணீர் சென்றது உண்மை. தண்ணீரோடு என்னென்ன சென்றது என்பது தண்ணீருக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் இடையிலான விஷயம்.'

எபனேசர் அதைப் படித்துவிட்டு மகிழ்ந்துபோனார். "அருமையான கடிதம். எதையும் ஒப்புக்கொள்ளவே இல்லை பாருங்கள். அடுத்து, பழைய உரிமையாளர் வேதமுத்து நேரில் வரவேண்டும்."

"அவரு செத்துப் பல வருசம் ஆவுதுய்யா."

"அப்படியானால் அவர் வரவேண்டியதில்லை" என்று எபனேசர் சலுகை காட்டினார். "அவருக்கு ஆட்சேபணை இல்லையென்று வாரிசு வந்து சொன்னால் போதும்."

வேதமுத்துவின் மகள் ஜெபராணி பாளையங்கோட்டையில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தாணுமாலையன் தேடிப்போய்ச் சொன்னதும், "எங்க அப்பா வண்டியா? இன்னுமா ஓடுது? அப்பா முட்டுவலியோட போய்ச் சேந்தாங்க, வண்டி நல்லாருக்கா?" என்று வாசலுக்கு வந்து ஹேண்டில்பாரைத் தொட்டுப் பார்த்தார். காப்பி கொடுத்து, நாளைக்கே வருவதாகச் சொன்னார். மறுநாளே பஸ் ஏறி வந்து, மேடையில் நின்று, ஒரு ஆட்சேபணையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டார். இந்தக் கதையில் சொன்ன சொல்லைச் சொன்னபடி செய்தது அந்த அம்மா ஒருத்திதான். அதனால் அவருக்கு இத்தோடு வேலை முடிந்தது.

பிறகு வண்டியை ஆய்வு செய்தார்கள். எபனேசரே வேட்டைக்குப் போகிறவர்போலக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம், சமையல் அண்டாக்களுக்கு நடுவே வந்தார். உதைத்தார். வண்டி இருமியது. பந்தல்காரன் உதைத்தான். காவலாளி உதைத்தான். வன்னியராஜும் உதைத்து, குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கடைசியில் தாணுமாலையன் வண்டியை லேசாக இடப்பக்கம் சாய்த்து, டாங்கில் ஒரு தட்டுத் தட்டி, ஒரே உதை. டபடபவென்று புகை கக்கிக்கொண்டு நின்றது.

தாணுமாலையன் பெருமையாக நிமிர்ந்து பார்த்தார். எபனேசர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்: 'குறைபாடு: உரிமை நிரூபிக்கப்படாத நபருக்கு மட்டுமே இயங்குகிறது.'

ஆனாலும் வேலை நிற்கவில்லை. நம்பரைக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். பொன்செல்வி தட்டினாள். திரும்பத் தட்டினாள். "அப்படி ஒரு வண்டியே இல்லன்னு காட்டுது சார்."

"அந்தா வெளிய நிக்குதே தாயி" என்றார் தாணுமாலையன்.

"அது நிக்கும் அண்ணாச்சி. ஆனா இல்ல."

எபனேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேச்சு வரப்போகிறது என்பதற்கு அது அடையாளம்.

"பாருங்கள் தாணுமாலையன். வண்டி உங்களுடையது என்று நிரூபிக்க ஆறு வந்தது, டீச்சர் வந்தார். ஆனால் நிரூபிக்க முடியவில்லை. இந்தப் பிரிவு திறந்ததிலிருந்து ஒரு வண்டிக்குக்கூட நாங்கள் தவறாகப் பதிவு கொடுத்ததில்லை. எப்படி? பதிவே கொடுக்கவில்லை. ஆனால் மேலிடத்தில் ஒரு பதிவாவது காட்டச் சொல்லிக் கேட்கிறார்கள். அதனால் உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். வண்டி உங்களுடையது என்று நீங்கள் சொன்னால் ஆயிரம் சான்று வேண்டும். உங்களுடையது அல்ல என்று சொன்னால் ஒன்றும் வேண்டாம். உங்கள் சொல் ஒன்றே போதும். அந்த இடத்தில் அரசு உங்களை முழுமையாக நம்புகிறது."

"புரியலய்யா."

"இந்த வண்டிக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை, அநாதையாகக் கிடந்தது, ஒப்படைக்கிறேன் என்று பிரமாணம் எழுதிக் கொடுங்கள். உரிமை கோராத வண்டி என்று நாங்கள் ஏலம் விடுவோம். ஏலத்தில் எடுத்தால் புதுப் பதிவு, புது ஆர்.சி. பச்சைப்பிள்ளை மாதிரி."

தாணுமாலையன் வன்னியராஜைப் பார்த்தார். வன்னியராஜ் தலையாட்டினான்.

பந்திக்கூடத்தில் கல்மேசையின் மேல் தாளை வைத்து அவர் எழுதினார். 'இந்த வண்டி' என்பதுவரைக்கும் வந்துவிட்டது. அதற்குமேல் பேனா போகவில்லை. வெளியே எட்டிப் பார்த்தார். அண்டாக்களுக்கு நடுவில், ஒருபக்கம் சாய்ந்தபடி, எப்போதும் கடைவாசலில் அவருக்காக நிற்கிற மாதிரியே அது நின்றுகொண்டிருந்தது.

"மாப்ளே, பொய்யல்லா எழுதச் சொல்லுதான்."

"வெறும் எழுத்துதான அத்தான். எழுதுங்க. நான் இருக்கேன்லா."

எழுதினார். 'எனக்கும் இந்த வண்டிக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. எக்காலத்திலும் இருந்ததில்லை.' இரண்டாவது வாக்கியம் எபனேசர் சொல்லச் சொல்ல எழுதியது. அன்றைக்குத் தாணுமாலையன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நடந்தே வீட்டுக்கு வந்தார். சுடலைவடிவு சாப்பாடு போட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி கேட்காத சுடலைவடிவை எங்கள் தெரு அதற்குமுன் பார்த்ததில்லை. அப்போதே நாங்கள் சுதாரித்திருக்க வேண்டும்.

ஏலத்தன்று காயலான் கடைக்காரர்கள் தராசுக் கண்ணோடு வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் குளத்து மீனோ, புளியமரமோ, எந்த ஏலமானாலும் ஒரு மரியாதை உண்டு. பாடுபட்டவன் கேட்கவந்தால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொள்வார்கள். சட்டத்தில் இல்லை, ஆனால் மீறினவனுக்கு மறுவருஷம் குளத்தில் மீன் இருக்காது.

வன்னியராஜ் டீக்கடையிலேயே எல்லோரையும் பிடித்தான். "எங்க அத்தான் காலமெல்லாம் ஓட்டுன வண்டி. அவருக்குத் திருப்பிக் குடுக்கத்தான் கேக்கப் போறோம். யாரும் வாயத் தொறக்காதீய." காயலான் கடைக்காரர்களில் மூத்தவர் தாணுமாலையனின் தோளைத் தட்டி, "எடுத்துட்டுப் போரும் வே. இரும்புக்குப் பஞ்சமா நாட்டுல" என்றார்.

ஏலம் தொடங்கியது. தாணுமாலையன் கையைத் தூக்கினார். மேடையிலிருந்து எபனேசர் பதறிவிட்டார்.

"நீங்கள் கேட்கக்கூடாது. சம்பந்தமே இல்லையென்று பிரமாணம் செய்திருக்கிறீர்கள். இப்போது ஆசைப்பட்டால் சம்பந்தம் இருந்தது என்று ஆகிவிடும். பொய்ப் பிரமாணம் சிறைக்குற்றம். கையை இறக்குங்கள், உங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன்."

"இத மொதல்லயே சொல்லலியேய்யா."

"முதலிலேயே சொன்னால் பிரமாணத்தில் உங்கள் மனம் ஈடுபட்டிருக்காது."

"வுடுங்க அத்தான்," என்று வன்னியராஜ் காதோரம் வந்தான், "எம்பேர்ல எடுக்கேன். பொறவு மாத்திக்கிடலாம்." கையை உயர்த்தினான். காயலான் கடைக்காரர்கள் எல்லோரும், தாணுமாலையனுக்காகத்தான் என்று நினைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வண்டி வன்னியராஜுக்கு முடிந்தது.

சில வாரத்தில் ஆர்.சி. வந்தது. பளபளவென்று பிளாஸ்டிக் அட்டை. உரிமையாளர்: வன்னியராஜ். தாணுமாலையன் அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, "நல்லாருக்கு மாப்ளே" என்றார். பெயர் எப்போது மாற்றுவது என்று கேட்டதற்கு வன்னியராஜ், ஆடி கழியட்டும் என்றான். ஆடி கழிந்தது. ஆவணியில் உர சீசன் என்றான். வண்டியைக் கேட்டால் வொர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறேன் என்றான்.

தாணுமாலையன் ஒருநாள் அப்பளக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அம்பாசமுத்திரம் போய் அந்த வொர்க்‌ஷாப்பை எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். வண்டிக்குச் செந்தூர நிறத்தில் புதுப் பெயிண்ட். சைலன்சரில் முகம் பார்க்கலாம். புதுச் சீட்டு, புது டயர். மெக்கானிக், "ஒங்க மச்சினரு பாத்துப் பாத்துச் செய்யச் சொல்லிருக்காரு. விசேசத்துக்குக் குடுக்கதாம்" என்றான். தீபாவளி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. தாணுமாலையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் வே. எங்கிட்டச் சொல்லாம, தீவாளிக்குக் கொண்டாந்து நிறுத்தப் போறான் பாத்துக்கிடுங்க" என்று தெருவில் வீடுவீடாகச் சொன்னார். சுடலைவடிவிடமும் சொன்னார். அவள் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். "ம்" என்றாள்.

தீபாவளிக்கு வண்டி வரவில்லை. பத்திரிகை வந்தது. வன்னியராஜின் மகள் முத்துராணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஓசூரில் கம்பெனி வேலை, பாபநாசம் கோவிலில் முகூர்த்தம்.

கோவில் வாசலில் ராஜ்தூத் நின்றது. ஹேண்டில்பாரில் மல்லிகைச் சரம், ஹெட்லைட்டில் சந்தனம், டாங்கில் மணமக்கள் பெயர். மாப்பிள்ளை பழைய வண்டிப் பைத்தியமாம். காரெல்லாம் வேண்டாம், பழைய மாடல் பைக் ஒன்று ஒழுங்கான பேப்பரோடு கிடைத்தால் போதும் என்று நிச்சயத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறான். நிச்சயம் எப்போது என்று நாங்கள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். எபனேசர் கண்ணாடியைத் துடைத்து வழி சொன்ன மாதத்துக்கும் முந்தி.

வன்னியராஜ் சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "எங்க அப்பா ஆசையா ஓட்டுன வண்டி. பரம்பரையா எங்க வீட்லயே வச்சுக் காப்பாத்துனோம்."

"ஒங்க அப்பாவுக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாதேலே" என்றார் தாணுமாலையன். நாதஸ்வரம் பக்கத்திலேயே இருந்ததால் அது எங்களுக்கு மட்டும் கேட்டது.

அவர் நேரே சுடலைவடிவிடம் போனார். அவள் அத்தைக்காரி; பட்டுச்சேலை கட்டி, சீர்த்தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"தம்பி வந்து கேட்டான். ஒத்தப் பொண்ணு, அத்தை என்ன செய்யப்போறான்னு சம்பந்தி வீட்ல கேக்காங்கன்னான். எங்கிட்ட என்ன இருக்கு? எங்க அப்பா குடுத்தது எங்க வீட்டுப் பிள்ளைக்குத்தான போவுது." அவள் வெற்றிலையை நேர்செய்தாள்.

"இத்தன வருசம் நான் ஓட்டுனது?"

"ஒங்களது இல்லன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?"

தாணுமாலையன் பந்திக்கு உட்காரவில்லை. எங்கள் தெருக்காரர்கள் உட்கார்ந்தோம்; சாப்பாட்டின்மேல் யாருக்கும் கோபமில்லை. அப்பளம் அவர் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்ததுதான், முழுசு முழுசாக இருந்தது.

மறுவாரம் அவர் மேடையேறினார். எபனேசருக்குப் பின்னால் சுவரில் பெரிய படம் மாட்டியிருந்தது: ராஜ்தூத் பக்கத்தில் வன்னியராஜ், ஆர்.சி. அட்டையை நீட்டும் எபனேசர். 'இப்பிரிவின் முதல் வெற்றி.'

"நான் எழுதிக்குடுத்தது பொய்யய்யா. வண்டி என்னுது. நீங்கதான எழுதச் சொன்னீங்க?"

எபனேசர் கண்ணாடியைத் துடைத்தார். "நிதானமாக யோசியுங்கள். அன்று பொய் சொன்னீர்கள் என்றால் உங்கள்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். அதற்குப் பச்சைத் தாளில் மனு. அன்று உண்மை சொன்னீர்கள் என்றால் உங்களுக்கு இங்கே வேலையில்லை. அதற்கு மனுவே தேவையில்லை. எந்த வண்டியும் இந்தப் பிரிவில் யாரையும் ஏமாற்றியதில்லை. மனிதர்கள் குடும்பத்துக்குள் செய்துகொள்வதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அது இந்த மண்டபத்தில் இல்லை. உங்களால் எங்களுக்கு ஒரு பதிவு கிடைத்தது. அதை நாங்கள் மறக்க மாட்டோம். அடுத்து?"

பொன்செல்வி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். தாணுமாலையன் படத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு இறங்கினார்.

அந்த ஒரு பதிவை வைத்து எபனேசர் பதவி உயர்வு பெற்றுச் சேலத்துக்குப் போய்விட்டார். பிரிவை மூடிவிட்டார்கள். பொன்செல்வி மண்டபக்காரரின் மகனையே கட்டிக்கொண்டாள். இப்போது அதே மேசையில் சந்தனம் கொடுக்கிறாள். வன்னியராஜ் எதிரே வந்தால் தாணுமாலையன் பஸ் வராவிட்டாலும் பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி நிற்கிறார். சுடலைவடிவும் அவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். உப்பு, புளி என்பதற்கு மேல் பேச்சில்லை.

முத்துராணியும் மாப்பிள்ளையும் ஓசூரில் ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. அவனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். போகும்போது வண்டியை ஓசூரிலேயே முன்பின் தெரியாத யாரோ ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். சேதியைச் சுடலைவடிவுதான் சொன்னாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. பேப்பரெல்லாம் சுத்தமாக இருந்ததால் பெயர் மாற்றம் ஒரே காலையில் முடிந்துவிட்டதாம்.